பாறையில் வரைந்த மூன்று அடையாளங்கள்

ஒரு காட்டின் நடுவே பாதை மூன்றாகப் பிரிந்தது. அங்கே இருந்த பாறையில், எந்தப் பாதை எங்கே போகிறது என்று அடையாளங்கள் வரையப்பட்டிருந்தன. ஒரு மழைக்காலத்தில் அவை அழிந்துபோயின. அந்தந்தப் பாதையை அறிந்தவர் அதன் அடையாளத்தை மறுபடி வரையட்டும் என்று விலங்குகள் முடிவு செய்தன.

குளத்துப் பாதைக்கு யானை செம்மண்ணைக் குழைத்து, பாறையில் பாதியை அடைக்கும்படி ஒரு நீர்த்துளி வரைந்தது. புல்வெளிப் பாதைக்கு மயில் நீல நிறத்தில் வளைவும் நெளிவுமாக ஏதோ வரைந்தது. அது புல் என்று மயிலுக்கு மட்டும்தான் தெரியும். மூன்றாவது பாதை புதைசேற்றுக்குப் போவது. அங்கே யாரும் போகக்கூடாது என்பதற்காக, கீரி சேற்றில் புதைந்த ஒரு காலை இலைச்சாற்றால் வரைந்தது. பாறையின் அடியில், தன் பாதமளவே.

கோடையில் வறண்ட மலையிலிருந்து ஒரு மான்கூட்டம் வந்தது. தலைவி வெண்காதி வேடர்களிடம் பலமுறை ஏமாந்தவள். தாகத்தால் தவித்தபோதும் பாறையை விட்டு நகராமல் நின்றாள்.

அவள் தங்கை பூவாலி, நீர்த்துளி காட்டும் வழியே போகலாம் என்றாள். வெண்காதி மறுத்தாள்.

"இவ்வளவு பெரிதாக வரைந்து நம்மை எதற்கு அழைக்கிறார்கள்? அடியில் பார், பச்சையாக ஒன்றைச் சின்னதாக ஒளித்து வைத்திருக்கிறார்கள். நல்ல இடம் அதுதான்."

கூட்டம் மூன்றாவது பாதையில் நடந்தது. முன்னால் போன பூவாலியின் கால்கள் சேற்றில் இறங்கின. கொஞ்ச நேரத்தில் வயிறு வரை புதைந்துவிட்டாள். அலறல் கேட்டு யானை ஓடி வந்து தும்பிக்கையை நீட்டியது.

"விலகு, பூவாலி! நம்மை இங்கே வரவைத்ததே இவர்கள்தான்" என்று கத்தினாள் வெண்காதி.

பூவாலி உடலை நெளித்து விலகினாள். விலக விலக இன்னும் ஆழமாகப் போனாள். சேறு கழுத்தைத் தொட்டதும் அவள் நெளிவதை நிறுத்தினாள். யானை அவளைச் சுற்றிப் பிடித்து மெல்ல இழுத்துக் கரையில் போட்டது. உயிர் பிழைத்தாள். ஆனால் ஒரு பின்னங்கால் பிசகிவிட்டது.

வெண்காதி, வரைந்த மூவரையும் பாறைக்கு வரவழைத்து நியாயம் கேட்டாள். கீரி வேண்டுமென்றே சின்னதாக வரைந்தது என்றது மயில். யானை தன் குளத்துக்குப் பெருமை தேடியது என்றது கீரி. ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

யானை தலை குனிந்தது. "நாங்கள் பொய்யாக எதையும் வரையவில்லை, அம்மா. ஆனால் வரைந்தபின் மூன்றையும் சேர்த்து யாரும் பார்க்கவில்லை."

அன்றே எல்லாவற்றையும் கழுவினார்கள். ஒரே அளவில், ஒரே மண்ணில், வரிசையாக மறுபடி வரைந்தார்கள். ஒவ்வொன்றையும் வெண்காதியிடம் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்ட பிறகே அடுத்ததை வரைந்தார்கள்.

அப்படியும் அவள் முழுதாக நம்பவில்லை. கூட்டத்தை நிறுத்திவிட்டு, தான் மட்டும் குளத்துப் பாதையில் முதலில் போனாள். தண்ணீரைக் குடித்துப் பார்த்த பிறகே பூவாலியைக் கூப்பிட்டாள்.

பலருக்கு வழிகாட்டுவதை ஆளுக்கொரு விதமாகச் செய்தால், அதில் உள்ள உண்மையும் பொய்யாகவே தோன்றும்.