கம்பியில் சந்தித்த அக்காளும் தங்கையும்

ஒரு வங்கியில் ஒரே கணக்குக்கு இரண்டு கடிதங்கள் பிறந்தன. அக்காள் வயிற்றில் ஏ.டி.எம். அட்டை இருந்தது. தங்கை வயிற்றில் அந்த அட்டைக்கான ரகசிய எண், நான்கே நான்கு இலக்கம்.

வங்கி இரண்டு பேரையும் ஒன்றாக அனுப்பவில்லை. அக்காளைத் திங்கட்கிழமை அனுப்பியது. மூன்று நாள் கழித்துத்தான் தங்கையை வழியனுப்பியது.

"வழியில் எங்கேயும் அக்காளோடு சேர்ந்து நிற்காதே. வடிவு கையில் போய்த்தான் ரெண்டு பேரும் சந்திக்கணும்" என்று சொல்லி அனுப்பியது.

அந்தக் கணக்குக்குச் சொந்தக்காரி வடிவு, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். காலையில் வீட்டைப் பூட்டினால் திரும்பி வர ராத்திரி ஆகிவிடும். அவள் குடியிருந்த லைன் வீட்டில் வரிசையாக இருந்த பதினோரு குடித்தனமும் அப்படித்தான். அதனால் எல்லோரும் தெருமுனையில் இருந்த தவசிக்கனி அண்ணாச்சியின் மளிகைக் கடையை விலாசமாகக் கொடுத்திருந்தார்கள். தபால்காரர் தருவதை அண்ணாச்சி வாங்கி, ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் கொக்கிக் கம்பியில் குத்திவிடுவார். வருகிறவர்கள் புரட்டிப் பார்த்து, தங்களுடையதை உருவிக்கொள்வார்கள்.

தங்கை வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கே வந்து சேர்ந்தாள். கம்பி சுருக்கென்று மூலையில் ஏறியது. வலியோடு நிமிர்ந்து பார்த்தால் எதிரே அக்காள்!

"அடி பாவி, நீ எதுக்குடி இங்க வந்த? நான் இன்னும் வடிவு கைக்கே போகலையே!" என்றாள் அக்காள்.

"என்னைக் கேட்டா? உன் மேல எழுதின விலாசத்தைத்தான் என் மேலயும் எழுதியிருக்கு. வடிவு ஏன் இன்னும் வரலை?"

"கம்பெனியில ஷிப்மெண்ட் வாரமாம். அவ வர்றதுக்குள்ள கடை சாத்திடுது. ஞாயித்துக்கிழமைதான் வருவா."

"அப்ப ரெண்டு நாள்தானே, தொங்கிட்டுப் போவோம்."

"அது இல்லடி. மாடி ரூம்ல சிங்கதுரைன்னு ஒருத்தன் இருக்கான். மூணு நாளா சாயங்காலம் ஆனா வர்றான். தனக்கு லெட்டர் இருக்கான்னு பாக்கிற மாதிரி புரட்டுறான். என்னைக் கட்டைவிரலால தடவி, உள்ள இருக்கிற அட்டையோட ஓரத்தை எல்லாம் அளந்துட்டான். நேத்து வாய்க்குள்ளேயே சொல்றான், 'இன்னொண்ணு வரட்டும்'னு."

தங்கை ஆடிப்போனாள். அவன் காத்திருந்த இன்னொன்று அவள்தான்.

"கணக்குல எவ்வளவு இருக்கு?"

"எவ்வளவோ. அது ரெண்டு வருஷம் அவ ஓவர்டைம் பாத்துச் சேர்த்தது. 'புள்ளைக்குக் காது கேக்கல சார், மிஷின் வாங்கணும், சீக்கிரம் அனுப்புங்க'ன்னு அவ கவுண்டர்ல நின்னு சொன்னதை நான் கேட்டேன்."

தங்கை கம்பியிடம் கெஞ்சினாள். "அண்ணே, அவன் வந்தா எங்களை விட்டுடாதீங்க."

கம்பி கொஞ்சம் கர்வம் பிடித்தவன். "இந்தா பாரு, எட்டு வருஷமா இங்க தொங்குறேன். ஒரு காகிதத்தைக் கீழ விட்டிருப்பேனா? கேட்டுப் பாரு! ஆனா எடுக்கிற கை யாரு கைன்னு பாக்கிறது என் வேலை இல்ல. அது அண்ணாச்சி வேலை."

அண்ணாச்சி அப்போது பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஏதும் தபால் வந்திருக்கா?" என்று ஓர் அம்மாள் கேட்டாள். "பாத்து எடுத்துக்க தாயி, எனக்கு எங்க கண்ணு தெரியுது" என்றார், தலையைத் தூக்காமலே.

தங்கை கீழே பார்த்தாள். நேர் கீழே, பால் பாக்கெட் போட்டு வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டி.

"அக்கா, நான் விழுந்துடட்டுமா?"

"கிறுக்கி! நனைஞ்சா வடிவும் படிக்க முடியாதுடி. நீ எதுக்குப் பிறந்த?"

"அவ ஒருத்தி மட்டும் படிக்கப் பிறந்தேன். அது இனிமே நடக்காது. யாரும் படிக்காம இருக்கவாவது செய்யட்டும்."

கடை ஃபேன் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் தங்கை காற்றோடு சேர்ந்து உடம்பை முறுக்கினாள். குத்திய ஓட்டை நூல் நூலாகக் கிழிந்தது. "எக்குடி, இன்னும் கொஞ்சம்" என்று அக்காள் அழுதுகொண்டே சொன்னாள். தெருவில் சிங்கதுரையின் செருப்புச் சத்தம் கேட்டபோது மூலை பிய்ந்து அவள் தொட்டியில் விழுந்தாள்.

"ஐயோ, எட்டு வருஷப் பேரு போச்சே!" என்றான் கம்பி.

சிங்கதுரை புரட்டினான். அக்காள் மட்டும் இருந்தாள். ஒற்றை அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு சிகரெட் வாங்கிக்கொண்டு, "நாளைக்கு வர்றேன் அண்ணாச்சி" என்று போய்விட்டான். சனிக்கிழமையும் வந்தான், வெறுங்கையோடு போனான்.

ஞாயிற்றுக்கிழமை வடிவு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அண்ணாச்சி கம்பியிலிருந்து அக்காளை எடுத்துக் கொடுத்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, காயவைத்திருந்த ஒரு காகிதக் கூழையும் நீட்டினார்.

"இதுவும் உனக்கு வந்ததுதான் தாயி. பால் தொட்டியில விழுந்து கிடந்துச்சு."

வடிவு பிரித்துப் பார்த்தாள். நார் நாராக வந்தது.

"என்ன அண்ணாச்சி இது! திரும்ப எழுதிக் குடுத்து, அது வர்றதுக்கு இன்னும் எத்தனை நாளோ! புள்ளையோட காது மிஷினுக்கு அட்வான்ஸ் கட்டணும்னு சொன்னேனே. ஒரு காயிதத்தைப் பத்திரமா வைக்கத் தெரியாதா?"

"என்னைத் திட்டாத. இத்தனை தொங்குதே, இது ஒண்ணு விழுந்தா நான் என்ன செய்ய? விதி கெட்ட காயிதம்."

கூழாய்க் கிடந்த தங்கைக்கு அது காதில் விழுந்தது. பதில் சொல்ல அவளிடம் எழுத்து எதுவும் மிச்சமில்லை.

வடிவு கோபத்தோடு திரும்பியவள், கையில் இருந்த அக்காளைப் பார்த்து நின்றாள். வெள்ளைக் கவரின் நடுவில் அட்டை அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டம். அழுக்கு விரல் திரும்பத் திரும்பத் தேய்த்த அடையாளம்.

"இதை யாரு அண்ணாச்சி இப்பிடித் தடவிப் பாத்தது?"

"எல்லாரும் புரட்டிப் பாக்குறதுதானே தாயி..." என்று இழுத்த அண்ணாச்சி, பாதியில் நிறுத்திவிட்டார். கம்பியை ஒரு தடவை பார்த்தார். அதில் இன்னும் ஏழெட்டுப் பேருடைய கடிதங்கள் ஆடிக்கொண்டிருந்தன.

வடிவு அந்தக் கூழை வீசவில்லை. மெல்ல மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு வங்கிக்குப் போனாள். எல்லாவற்றையும் கேட்ட அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"சரிம்மா, புது எண் அனுப்பச் சொல்றேன். எந்த விலாசத்துக்கு?"

வடிவுக்குப் பெரிய மனிதர்கள் முன்னால் குரல் எழும்பாது. அன்றைக்கு எழும்பியது.

"விலாசத்துக்கு வேண்டாம் சார். எத்தனை தடவை வேணாலும் நடந்து வர்றேன். என் கையில குடுங்க."