அடுப்பேறாத புதுப்பானை

ஊருக்கு ஒரு கோட்டை, கோட்டைக்கு ஒரு ராஜா என்றிருந்த காலத்தில், தாமரைப்பட்டணத்தை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனசு. ஆனால் நினைத்த மாத்திரத்தில் சட்டம் போட்டுவிடுவார்.

ஒருநாள் கடைவீதிப் பக்கம் போனார். வேலையில்லாத இளவட்டங்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டாவி விட்டார்கள். அது ராஜாவையும் தொற்றிக்கொண்டது. அன்று சபையில் புலவர் பாடி முடிப்பதற்குள் பதினேழு கொட்டாவி! ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"பொங்கலுக்குள் இந்த நகரத்தில் வேலையில்லாதவன் ஒருவன்கூட இருக்கக்கூடாது! ஏரிக்கரையை உயர்த்துங்கள். அதில் எல்லோருக்கும் வேலை கொடுங்கள்!" என்றார்.

மந்திரி செவ்வந்தியப்பர் வாய் திறப்பதற்குள் அரண்மனை அதிகாரி வல்லபராயர் முந்திக்கொண்டார். மந்திரிமேல் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். "மந்திரியார் யோசித்து முடிக்க மாசி பிறந்துவிடும். என்னிடம் விடுங்கள் பிரபு!"

ஏரி வேலைக்கு நூறு பேர் வந்து நின்றார்கள். ராயர் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார். "முன்னே ஏரி வேலை பார்த்திருக்கிறாயா?"

"இல்லீங்க சாமி. குடுத்தாத்தானே பாக்க முடியும்?" என்றான் நல்லாண்டி.

"பார்த்தவனுக்குத்தான் வேலை. போ!"

பத்துப் பேர் தேறினார்கள். மிச்சப் பேரைப் பொங்கலன்று பொழுது சாய்வதற்குள் கோட்டைக்கு வெளியே அனுப்பிவிடுவதாக முரசறைந்தார் ராயர். அப்புறம் ஊருக்குள் வேலையில்லாதவன் ஏது? "சொன்னது நடந்தால் சரி" என்று ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

நல்லாண்டி மனைவி பவளாயிக்கு அப்போது நிறைமாதம். இருவரும் மந்திரியிடம் ஓடினார்கள். "இந்த நெலமையில இவள எந்தக் காட்டுல கொண்டுபோய் வைப்பேன் சாமி?" என்று அழுதான் நல்லாண்டி. மந்திரிக்கு மனசு தாங்கவில்லை. "பொங்கலன்று காலையில் அரண்மனைக்கு வந்துவிடுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

பொங்கலும் வந்தது. முற்றத்தில் கோலம், கரும்பு, பட்டு உடுத்திய ராஜா. மந்திரிக்குப் பின்னால் நல்லாண்டியும் பவளாயியும். அடுப்பின்மேல் மட்டும் கரிபிடித்த, விளிம்புடைந்த பானை ஒன்று உட்கார்ந்திருந்தது.

"பொங்கலுக்குப் பழம்பானையா! புதுப்பானை எங்கே?" என்று ராஜா கத்தினார்.

மந்திரி கைகட்டி நின்றார். "ஓரமாக இருக்கிறது பிரபு. விசாரித்தேன். இதற்குமுன் ஒருதரம்கூட அது பொங்கியதில்லையாம். வல்லபராயர் சட்டப்படி அதற்கு அடுப்பில் இடமில்லை. சாயங்காலம் கோட்டைக்கு வெளியே வைத்துவிடலாம்."

"என்ன பேச்சு இது? அடுப்பில் ஏற்றினால்தானே அது பொங்கும்!"

"அதையேதான் இந்த நல்லாண்டியும் கேட்டான், பிரபு."

ராயர் குறுக்கே பாய்ந்தார். "பானையும் ஆளும் ஒன்றா? அனுபவமில்லாதவன் கரையைக் கெடுத்துவிடுவான்!"

"சரி ராயரே. நம் ராஜா முடிசூடுவதற்கு முன்னால் எந்த ஊரில் ராஜாவாக இருந்தார்?"

ராஜாவின் முகம் சிவந்தது. மறுகணம் தொந்தி குலுங்கச் சிரித்தார். "நானும் புதுப்பானைதான்! முதல் வருஷம் நான் போட்ட சட்டங்களை நினைத்தால் இன்றும் கூசுகிறது." இந்த வருஷத்துச் சட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

"யாரும் வெளியே போகவேண்டாம். வேலை தெரிந்த பத்துப் பேரும் ஆளுக்கு ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டு கற்றுக்கொடுக்கட்டும். ராயரே, நீர் மண்வெட்டி பிடித்ததுண்டா?"

"இ... இல்லை பிரபு."

"உம் சட்டப்படி நீர்தான் முதலில் வெளியே போகவேண்டும். என் சட்டப்படி, நாளைக் காலை நல்லாண்டி பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளும்!"

பழம்பானை இறங்கிப் புதுப்பானை ஏறியது. உற்சாகத்தில் ராஜாவே அகப்பையைப் பிடுங்கிக் கிண்டினார். பால் பொங்கி வழிந்தது, அடியும் பிடித்தது. தீய்ந்த வாடை வந்ததும் அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

பவளாயிக்குப் பாவமாக இருந்தது. "வெசனப்படாதீங்க மகாராசா. மொதத் தடவதானே? கிண்டக் கிண்டப் பழகிடும்."