சம்படத்துக்குள் திருடன்

சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஐந்தாவதோடு படிப்பை விட்டவள் நான்.

உச்சி வெயிலில், ஈர வயலில் யூரியாவை மேலாக இறைக்கச் சொன்னவர் முதலாளி ஏகாம்பரம்தான். பயிர் பச்சை பிடிக்காததும் என்மேல் பாய்ந்தார். "பாதி உரம் எங்கடி? திருடனைக் காட்டு செங்கமலம், இல்லாட்டி போலீசுதான்."

அவரிடமே ஒரு பிடி யூரியா வாங்கி, அந்த ஈரமண்ணோடு சம்படத்தில் மூடி வெயிலில் வைத்தேன். மறுநாள் எல்லோர் முன்னாலும் நீட்டினேன்.

"திருடன் உள்ளேதான் ஐயா. மோந்து பாருங்க."

மோந்தவருக்குக் கண்ணில் நீர் கொட்டியது. "சீ, என்ன நெடி!"

"உங்க யூரியாதான். மண்ணுக்குள்ள அமுக்காம விட்டா இப்படி நெடியா மாறி காத்தோட போயிடுது."

ஊரே சிரித்தது. அவமானப்பட்ட ஐயா மற்றவர்களிடமும் சொல்லிவைத்தார்; அதன்பின் எந்த வயலிலும் எனக்கு வேலையில்லை, பிள்ளைகள் பட்டினி.

கடைசியில், அவர் கோபம் தணிந்து வேலை கிடைக்கட்டும் என்று, மண்ணுக்குள் அமுக்கும் யோசனை ஐயாவுடையதுதான் என்று நானே ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.