வால்வை அடைத்த தகடு

சங்ககிரியில் தாவூது பாயின் லாரிப் பட்டறையில் செங்கோடன் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். பல வருஷம் லாரி ஓட்டி, இடுப்பு விட்டுப்போன பிறகு பட்டறைக்கு வந்தவர். பாயைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் பாய் நின்றுகொண்டிருந்தால் அவர் உட்காரமாட்டார்.

பாய் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்த சமயத்தில், பெரியண்ணன் என்பவர் தன் லாரியைக் கொண்டுவந்தார். ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்றார். எஞ்சின் வெளியே தள்ளும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்பும் வால்வு அதில் இருந்தது. அதில் கரி அடைத்துக்கொண்டே இருக்கிறது, எத்தனை முறை கழுவுவது, ஒரேயடியாக மூடிவிடுங்கள் என்று கேட்டார்.

மலைப்பாதையில் இழுக்காத வண்டியோடு பட்ட பாடு செங்கோடனுக்குத் தெரியும். இரும்புத் தகடு ஒன்றை வெட்டி வழியை அடைத்தார். வண்டி சீறிக்கொண்டு போனது. கரும்புகையும் குறைந்துவிட்டது.

பாய் திரும்பி வந்ததும் செங்கோடன் பெருமையாகச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"கழிச்ச புகையையே மறுபடி தின்னுன்னா எந்த எஞ்சின்தான் நல்லா ஓடும் பாய்? எதுக்கு அப்படி வச்சான்?"

"அந்தப் புகை உள்ளே போனா எரியற சூடு கொஞ்சம் தணியும். தணியலைன்னா உள்ளே இருக்கிற காத்தே விஷமாகி வெளியே வரும். அது கண்ணுக்குத் தெரியாதுண்ணே. கழட்டிடுங்க."

பெரியண்ணன் ஒப்பமாட்டார் என்று செங்கோடன் சொன்னார். அடுத்த லோடு முடிந்ததும் பார்க்கலாம் என்றும் சொன்னார். வண்டியின் இழுவையைக் கண்ணால் பார்க்க அந்த லோடுக்கு அவரும் கூடவே போனார்.

லோடு ஏற்றப் போன இடம் ஒரு ஜவ்வரிசி குடோன். மழை பிடித்துக்கொண்டது. சரக்கு நனையக்கூடாதென்று லாரியை உள்ளே விட்டு ஷட்டரை இறக்கினார்கள். பேட்டரி மோசம், அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று டிரைவர் எஞ்சினை ஓடவிட்டார்.

மூட்டைகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்த நாச்சம்மாள் ஆஸ்துமா இழுப்புக்காரி. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வண்டியை அணைக்கச் சொன்னாள்.

"புகையே இல்லையேம்மா" என்றார் செங்கோடன்.

"கண்ணு எரியுதுங்க."

அவருக்கும் எரிந்தது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூட்டைகளை எண்ணினார்.

பாதி லோடு ஏறுவதற்குள் அவள் ஊசியைக் கீழே போட்டுவிட்டு மூட்டைமேல் சாய்ந்தாள். ஷட்டரைத் தூக்கி, மழையிலேயே அவளை வெளியே கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். விடியும் முன்பே உயிர் போய்விட்டது.

செங்கோடன் சுடுகாடுவரை போனார். அங்கே யாருக்கும் அவர் யாரென்று தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் பட்டறையில் பாய் ஒரு கியர்பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தார். செங்கோடன் வந்து பக்கத்தில் நின்றார். அந்தம்மாவுக்கு நுரையீரல் முன்னமே கெட்டிருந்ததாம் என்றார். இதனால்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று டாக்டரும் சொன்னாராம்.

"சொல்ல முடியாதுதான்" என்றார் பாய்.

அவர் திட்டியிருந்தால் செங்கோடனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாய் திட்டவில்லை. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

பெரியண்ணனின் லாரி பாதி லோடோடு வாசலில் நின்றது. புது பேட்டரி மாட்ட வந்திருந்தார்கள். பாய் ஸ்பானரை எடுத்துச் செங்கோடனிடம் நீட்டினார்.

செங்கோடன் வாங்கவில்லை.

"நான் கழட்டினா இன்னொரு பட்டறையில போய் அடைச்சுக்குவாங்க பாய்."

"அடைச்சுக்கலாம்."

"செத்தவங்க திரும்பி வரப்போறாங்களா?"

"வரமாட்டாங்க."

பிறகு எதற்குக் கழட்ட வேண்டும் என்று செங்கோடன் கேட்டார்.

"மீதி லோடு எங்கே ஏத்தறாங்க?" என்று கேட்டார் பாய்.

"ஆத்தூர் குடோன்ல."

"அங்கேயும் மூட்டை தைக்க ஆள் இருப்பாங்கண்ணே."