கூம்பு நத்தையைப் பிடிக்கும் விதம்

வேலாயுத ஆசானின் ஆசிரமம் கடலோரத்தில் இருந்தது. சுவருக்குப் பூசும் சுண்ணாம்புக்குச் சீடர்களே சிப்பி பொறுக்கிச் சூளையில் சுடுவார்கள். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடமே கூம்பு நத்தைதான். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத ஓடு, உள்ளே ஆளைக் கொல்லும் விஷம்.

"குறுகிய முனையில்தான் முள் இருக்கிறது. அகன்ற பக்கம் பிடி, ஒன்றும் செய்யாது" என்பார் ஆசான்.

அன்று காலை, புதிதாகச் சேர்ந்த சீடப்பெண் பூரணியை ஊருக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. சூளைக்குப் பின்னால் மூத்த சீடன் கோவர்த்தனன் தன் கையைப் பிடித்து இழுத்தான் என்று அவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

மூட்டையோடு அவள் வாசலில் நின்று அழுவதைப் பார்த்த இன்னொரு சீடப்பெண் செங்கமலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே ஆசானிடம் போனாள்.

"இழுத்தவன் இங்கே, அழுகிறவள் ஊருக்கா? இது என்ன நியாயம், ஆசானே?"

"அவன் சுபாவம் அப்படி, அம்மா. அவனிடம் எப்படிப் பழகுவதென்று இவளுக்குத் தெரியவில்லை. பிடிக்கத் தெரிந்தவனை நத்தை கொட்டுவதில்லையே."

பக்கத்தில் நின்ற கோவர்த்தனன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்கத்தான்.

"அப்படியா சங்கதி!"

செங்கமலம் விறுவிறுவென்று பாறைப் பக்கம் போனாள். ஒரு சிரட்டையில் கடல்நீரும் அதற்குள் உயிருள்ள நத்தையுமாகத் திரும்பி வந்தாள்.

"எங்கே, பிடியுங்கள் பார்ப்போம்."

"திமிரைப் பார்!" என்று அதட்டினான் கோவர்த்தனன்.

"நீங்கள் சும்மா இருங்கள் அண்ணா. உங்கள் உறவுக்காரரைத்தான் அழைத்து வந்திருக்கிறேன்."

ஆசான் கை நீட்டினார். அகன்ற பக்கம், இரண்டே விரல். பாடத்தில் சொன்னபடியே பிடித்துத் தூக்கினார்.

குறுகிய முனையிலிருந்து, நுனியில் முள்ளோடு மெல்லிய குழல் ஒன்று நீண்டது. வளைந்தது. ஓட்டைத் தடவிக்கொண்டே பின்பக்கம் வந்தது, விரலைத் தேடி.

செங்கமலம் அவர் மணிக்கட்டைத் தட்டிவிட்டாள். நத்தை மணலில் விழுந்தது.

ஆசான் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொட்டியிருந்தால்?"

"பிடிக்கத் தெரியாத கிழவர் என்று சொல்லி உங்களையும் ஊருக்கு அனுப்பியிருப்போம்."

பூரணி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கோவர்த்தனா, துணிமணியைக் கட்டு" என்றார் ஆசான்.

"ஆசானே! என் சுபாவம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்..."

"நான்தான் சொன்னேன். அந்தப் பழியை நான் சுமக்கிறேன். உன்னுடையதை எடுத்துக்கொண்டு நீ கிளம்பு."