கால் நீட்ட ஓர் இடம்

"சாமி, உங்களுக்கு எண்பது வருது. என்ன வேணும்னு நீங்களே சொல்லிடுங்க" என்றான் சீடன்.

"கேட்டா தருவியா?"

"உயிரையே தருவேன்."

"அதை வாங்கி நான் என்ன பண்றது? எனக்கு இருக்கிறதே போதும் போதும்னு இருக்கு."

சீடன் சிரிக்கவில்லை. பரிசு விஷயத்தில் அவன் ஏற்கெனவே நொந்துபோயிருந்தான்.

அவன் பெயர் செவ்வந்திநாதன். அவனுக்கே ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் சமையல், விளக்கு, பூட்டு சாவி எல்லாம் அவன் பொறுப்பு. குருவுக்கு என்று ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்க வேண்டும். ஊர் அவரைக் குன்றடிச் சாமி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது.

சாமிக்கு எதைக் கொடுத்தாலும் தங்காது. எழுபதாவது பிறந்தநாளுக்குப் போர்த்திய கம்பளிச் சால்வை சாயங்காலமே ஆடு மேய்க்கிற ஒருத்தியின் தோளுக்குப் போனது. அப்புறம் வந்த வெள்ளி டம்ளர் ஒரு கல்யாணப் பெண்ணுக்குச் சீராகப் போனது.

கொடுத்தவர்கள் செவ்வந்தியிடம் வந்து மூக்கைச் சிந்தினார்கள்.

"யாருக்கும் எடுத்துக் கொடுக்க முடியாத பொருளா இருக்கணும்" என்றார் ரைஸ்மில் மாசிலாமணி. மடத்துக்கு அரிசி அவர் மில்லிலிருந்துதான் வந்தது. அதனால் அவர் பேச்சுக்கு அங்கே மரியாதை அதிகம்.

யோசித்தார்கள். எடுக்க முடியாதது என்றால் கல்லில் செய்ததாக இருக்க வேண்டும். இன்னொருவருக்கு உதவாதது என்றால் சாமிக்கு மட்டுமே ஆனதாக இருக்க வேண்டும்.

அந்த யோசனை யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்று இன்றுவரை ஒருத்தரும் ஒப்புக்கொள்வதில்லை.

சாமிக்கு ஒரு சமாதி.

மகான்களை எரிப்பதில்லை. குழி வெட்டி, உட்கார்ந்த கோலத்திலேயே உள்ளே இறக்கி, விபூதியும் வில்வமும் நிரப்பி மூடி, மேலே லிங்கம் வைப்பார்கள். எப்படியும் ஒருநாள் செய்யப்போவதுதானே, தன் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று எல்லாரும் நெகிழ்ந்துபோனார்கள். உயிரோடு இருக்கிற மனுஷனுக்குக் குழியைப் பரிசாகக் கொடுக்கிறோமே என்று அங்கே ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அன்பில் இப்படி ஒரு கண் அவிந்துபோகிற கட்டம் உண்டு.

செவ்வந்தி தலையாட்டியதற்குக் காரணம் வேறு. சாமி போய்விட்டால் அவனுக்கு என்று யாரும் இல்லை. கல்லாகவாவது கூடவே இருப்பார் என்று நினைத்தான்.

மடத்துக்குப் பின்னால் தகரம் அடைத்து வேலை நடந்தது.

"என்னப்பா சத்தம்?"

"தண்ணித்தொட்டி கட்டுறோம் சாமி."

"நல்லது. கோடைக்கு ஆகும்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

சாமியின் முழங்கால்கள் கெட்டுப்போய் வருஷக்கணக்கு ஆகிறது. ஆனால் கும்பிட வருகிறவர்களுக்கு அவர் பத்மாசனம் போட்டு, நிமிர்ந்து, பலகைமேல் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படித்தான் அவரைப் பார்த்திருக்கிறார்கள். அப்படித்தான் அவர் படம் ஊரில் பல வீடுகளில் மாட்டியிருக்கிறது.

அதனால் தினமும் காலையில் கதவைத் திறப்பதற்கு முன்னால் செவ்வந்தி விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தடவுவான். இடது காலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மடித்து வலது தொடைமேல் வைப்பான். பிறகு வலது கால். சாமி கண்ணை இறுக்கிக்கொள்வார். மேலே காவித் துணியைப் போட்டுவிட்டால் வீக்கம் வெளியே தெரியாது.

மத்தியானம் கதவைச் சாத்திவிட்டுப் பிரித்து விடுவான். பிரிக்கும்போதுதான் வலி அதிகம். முழுசாக நீட்டினால் மறுநாள் மடங்காது என்று ராத்திரிகூட அரைமடக்கிலேயே படுக்க வைப்பான்.

இதைத் தன்னுடைய குருசேவை என்று அவன் நினைத்தான். ஒருநாளும் தவறவிட்டதில்லை என்பதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஒருமுறை சாமி கேட்டார்.

"இன்னிக்கு ஒருநாள் காலை நீட்டிக்கிறேனே."

"வணங்க வர்றவங்க மூஞ்சிக்கு நேரா காலை நீட்டினா நல்லாவா இருக்கும் சாமி?"

"ம்" என்றார்.

அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை.

பிறந்தநாளுக்கு முதல்நாள் சாயங்காலம் தகரத்தைப் பிரித்தார்கள். மாசிலாமணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். செவ்வந்தி சாமியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தான்.

கருங்கல் பளபளவென்று இருந்தது. முகப்பில் சாமியின் பெயர். கீழே பிறந்த வருஷம். அதற்கு ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

சாமி அந்த வெற்றிடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது ஏன் காலியா இருக்கு?"

மாசிலாமணி வானத்தைப் பார்த்தார்.

"தண்ணித்தொட்டின்னு சொன்னே."

"மன்னிச்சுடுங்க சாமி" என்றான் செவ்வந்தி.

"பரவாயில்லை. நல்ல கல்லு. இறங்கிப் பார்க்கட்டுமா?"

நாலு பேர் பிடித்து உள்ளே இறக்கினார்கள்.

"உட்கார வை" என்றார்.

செவ்வந்தியும் நெருக்கிக்கொண்டு உள்ளே இறங்கினான். வழக்கம்போல இடது காலை மடித்தான். பிறகு வலது கால். இரண்டு முழங்காலும் இரண்டு பக்கச் சுவரில் முட்டின.

"அளவு சரியா இருக்கா சாமி?" என்று மேலேயிருந்து குனிந்து கேட்டார் மாசிலாமணி, செருப்புக் கடைக்காரர் கேட்பதுபோல.

"கச்சிதமா இருக்கு. எப்பவும் இப்படியேதானா?"

"ஆமா சாமி. பத்மாசனத்துல."

"படுக்க வைக்க மாட்டீங்களா?"

"ஐயையோ, அதெல்லாம் சாதாரண ஜனங்களுக்கு."

சாமி எதிரே இருந்த கல்லைக் கை நீட்டித் தொட்டார்.

"செத்த பிறகாவது நீட்டிக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

மாசிலாமணி வாய்விட்டுச் சிரித்தார். "சாமிக்கு எப்பவும் விளையாட்டுதான்!"

மேலே நின்றவர்களும் சிரித்தார்கள்.

செவ்வந்தியின் கை இன்னும் அந்த முழங்காலின் மேல் இருந்தது. முழங்கால் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷமாக அவன் தொட்ட முழங்கால்தான். நடுக்கம் இன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

அன்று அவன் சாப்பிடவில்லை.

விடிந்தது. வாசலில் பந்தல், மேளம், நாதஸ்வரம். 'ஆயிரம் பிறை கண்ட அருளாளர்' என்று ரோட்டோரத்தில் மாசிலாமணி வைத்த பிளெக்ஸ். வரிசை பஸ் நிறுத்தம்வரை போயிருந்தது.

உள்ளே செவ்வந்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தான். இடது கணுக்காலைப் பிடித்தான். பிடித்தபடியே இருந்தான்.

"என்னப்பா? நேரமாகுதே. ஜனங்க காத்திருக்காங்க."

"இன்னிக்கு வேண்டாம் சாமி."

"என்ன வேண்டாம்?"

அவனுக்கு அழுகைதான் வந்தது. ஐம்பது தாண்டிய ஆம்பிளை, மூக்கைத் துடைத்துக்கொண்டே எழுந்து பாயை விரித்தான். தலையணை வைத்தான். சாமியைப் பலகையிலிருந்து தூக்கிப் பாயில் கிடத்தி, காலை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டான். அந்த அறையின் நீளமே அவ்வளவுதான். பாதங்கள் இரண்டும் கதவைப் பார்த்து இருந்தன.

சாமியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வலியில் வருகிற சத்தம் இல்லை. அப்படி ஒன்றை அவரிடமிருந்து அவன் கேட்டதே இல்லை.

"எத்தனை காலமாச்சு" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

செவ்வந்தி கதவருகே போய் நின்றான். பயமாக இருந்தது. நாளைக்கு யார் இங்கே வருவார்கள்? மாசிலாமணி அரிசி அனுப்புவாரா? மகான் என்று நம்பி வந்தவர்கள், காலை நீட்டிக் கிடக்கிற ஒரு கிழவரைப் பார்த்து என்ன பேசுவார்கள்? பேசட்டும் என்று நினைத்தான்.

தாழ்ப்பாளை எடுத்தான்.

வரிசையில் முதலில் நின்றவள் பௌர்ணமி தவறாமல் வருகிற ஒரு பூக்கார அம்மா. கையில் ரோஜா மாலை. அவள் கண்ணுக்கு முதலில் பட்டது பாதங்கள்தான். அந்தப் பாதங்களை அப்படி அவள் பார்த்ததே இல்லை. யாருமே பார்த்ததில்லை.

மாலை கீழே விழுந்தது.

"ஐயோ! சாமி போயிட்டாரே!"

பின்னால் நின்றவர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களும் வாங்கிக்கொண்டார்கள். நாதஸ்வரம் பாதியில் நின்றது. பந்தல் முழுக்க ஒப்பாரி கிளம்பியது.

"தெரிஞ்சுதான் நேத்து இறங்கி அளவு பார்த்திருக்கார்!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார் மாசிலாமணி. "மகான்யா! மகான்!"

வாசற்படியில் தலையை வைத்து ஜனங்கள் விழுந்து விழுந்து அழுதார்கள்.

செவ்வந்தி பதறிப்போய்ப் பாயோரமாகப் பின்வாங்கினான். இரண்டு கையையும் தூக்கினான். "இல்லை, இல்லை, சாமி..." என்று வாயெடுத்தான்.

பின்னாலிருந்து ஏதோ அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தது.

குனிந்தான். சாமி கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது.

"சொல்லிடாதேப்பா. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."