கரை தெரிந்தால் கறை தெரியும்

முன்னொரு காலத்தில் மருதவளம் என்ற நாட்டை விசயகண்டன் என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு மனம், மாலையில் ஒரு மனம். ஒருநாள் திடீரென்று, "இனி என் அரண்மனையில் பழசு என்று எதுவும் இருக்கக் கூடாது. அந்தச் சொல்லும் கூடாது!" என்று பறையறைவித்தான். பழைய பாய், பழைய பானை, பழைய வேட்டி எல்லாம் வெளியே போயின. பழைய சோற்றுக்கு ஆசைப்பட்ட சமையற்காரன்கூட, "நேற்றுப் பிறந்த சோறு கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டுத்தான் சாப்பிட்டான்.

அப்படிப்பட்ட அரசனுக்கு, வெகுகாலம் காத்திருந்த பிறகு, அந்த ஆண்டே ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. "என் பிள்ளை என் பக்கத்தில்தான் தூங்க வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தான். தூங்கியது. ஆனால் விடியும்போது தந்தை, பிள்ளை, மெத்தை மூன்றும் தொப்பலாக நனைந்திருக்கும்.

பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள் வடிவாச்சி என்ற செவிலி. அவளை அரண்மனைக்கு அழைத்து வந்தவர் அமைச்சர் சீராளர். அமைச்சரைக் கண்டாலே உடையறைத் தலைவர் சொக்கேசருக்கு வயிறு எரியும். இதுதான் சமயம் என்று சபையில் எழுந்தார்.

"அரசே, இளவரசரின் இடுப்பில் ஈரம் தாங்கக் கட்டுவதற்கு நான் தைத்துக் கொடுத்த அணையாடை புத்தம்புதுப் பட்டு. கஞ்சி போட்டு மொடமொடவென்று நிற்கும். கட்டத் தெரியாதவள் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? அமைச்சர் பிடித்து வந்த ஆள் அல்லவா!"

தூக்கம் கெட்ட அரசனுக்குக் கோபம் பொங்கியது. "இவளை நாட்டைவிட்டே அனுப்புங்கள்!"

வடிவாச்சி அழவில்லை. "மகராசா, நான் போறேன். ஆனா பிள்ளை என் தோளில சாஞ்சாத்தான் கண்ண மூடும். அதை யாருக்காச்சும் பழக்கிட்டுப் போறேன்" என்றாள்.

சீராளர் எழுந்தார். தாயில்லாத இரட்டைப் பிள்ளைகளைத் தனியாக வளர்த்த மனிதர் அவர். அரசியல் தெரிவதற்கு முன்பே அரைத்துணி தெரிந்தவர்.

"அரசே, குளிக்காத ஒருவன் இளவரசரைத் தொடலாமா?"

"கூடவே கூடாது!"

"அப்படியானால் ஒருமுறைகூடக் குளிக்காத துணி தொடலாமா?"

"துணி குளிக்குமா?" என்று சொக்கேசர் சிரித்தார். "என் பட்டில் ஒரு குறையும் இல்லை. வேண்டுமானால் என் மடியிலேயே விரித்து ஊற்றிப் பாருங்கள்!"

ஊற்றினார்கள். ஒரு செம்புப் பன்னீர். கஞ்சிப் பட்டின் மேல் அது தாமரை இலைத் தண்ணீராக உருண்டது. உருண்டு, சொக்கேசரின் இடுப்பு வழியாக இறங்கி, அவர் செருப்பில் குளமாக நின்றது. அரசன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

பிறகு சீராளர் வடிவாச்சியைப் பார்த்தார். அவள் தன் மூட்டையிலிருந்து சரிகைக் கரை போட்ட மெல்லிய பருத்தித் துணி ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் அதைத் தன் மடியில் மடித்துப் போட்டார். அதே அளவு பன்னீர். துணி சத்தமில்லாமல் குடித்துவிட்டது.

"எங்கே இருந்து வந்தது இந்தத் துணி? பார்த்தால் ப..." என்று அரசன் தொடங்கி, வாயைப் பொத்திக்கொண்டான்.

"நிறையக் குளித்த துணி, அரசே" என்றார் சீராளர்.

"சரி, இன்று ஓர் இரவு. மெத்தை நனைந்தால் இவள் போகவேண்டியதுதான்."

வடிவாச்சி துணியைப் பல மடிப்பாக்கினாள். ஆண்பிள்ளை என்பதால் முன்பக்கம் மடிப்புக் கூடுதல். தொடையோரம் இடைவெளி விடாமல், இறுக்கவும் செய்யாமல் கட்டினாள். ஈரம் வெளியே வராமலிருக்க அதன்மேல் கம்பளித் துண்டைச் சுற்றினாள். அப்போது சொக்கேசர் வந்து நின்றார். "அரச வீட்டுப் பிள்ளை! சரிகைக் கரை வெளியே தெரிய வேண்டாமா? இழுத்து விடு!" செவிலி என்ன செய்வாள்? இழுத்து விட்டாள்.

விடிந்தது. துணி நல்ல துணி, கட்டும் நல்ல கட்டு. ஆனாலும் மெத்தையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"சொன்னேனே!" என்று சொக்கேசர் குதித்தார். வடிவாச்சி மூட்டையைக் கையில் எடுத்துவிட்டாள்.

சீராளர் பிள்ளையைப் பார்த்தார். கம்பளிக்கு வெளியே தொங்கும் கரையைப் பார்த்தார். விடிந்தும் அணைக்காமல் இருந்த விளக்கைக் கொண்டுவந்து அரசன் முன் வைத்தார்.

"அரசே, எண்ணெய் அடியில் இருக்கிறது. சுடர் மேலே எரிகிறது. எண்ணெயை ஏற்றிவிட்டது யார்?"

"திரி."

சீராளர் திரியை எண்ணெய்க்குள் இழுத்தார். விளக்கு அணைந்தது. "வெளியே நீட்டினால் எந்தத் துணியும் திரிதான். கரை தெரிந்தால் கறை தெரியும், அரசே. அணையாடை என்று பெயர் வைத்துவிட்டு, அணையை நாமே உடைத்து விட்டோம்."

"கரையை வெளியே விடச் சொன்னது யார்?"

சொக்கேசர் தன் செருப்பைப் பார்த்தார். அது இன்னும் காயவில்லை.

அன்றிரவு கரை கம்பளிக்குள் போனது. மறுநாள் சூரியன் மேலேறிய பிறகுதான் அரசன் கண் விழித்தான். மெத்தையைத் தடவினான். காய்ந்திருந்தது. பிள்ளை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அரசன் இப்படித் தூங்கியதில்லை.

வடிவாச்சியை அழைத்தான். "உண்மையைச் சொல், அம்மா. அந்தத் துணி எது?"

"நீங்க தூக்கிப் போடச் சொன்ன உங்க வேட்டிதான், மகராசா. தகப்பன் வேட்டியில பிள்ளையச் சுத்தணும்னு எடுத்து வச்சேன். உங்க ப..." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அரசன் காய்ந்த மெத்தையை இன்னொரு முறை தடவினான். "சொல்லம்மா. சொல்லலாம்."

"உங்க பழசு, மகராசா."

"என்னைக் காத்தது, என் பிள்ளையையும் காத்திருக்கிறது. நான் எறிந்தேன், நீ எடுத்து வைத்தாய்" என்று அரசன் கைகூப்பினான். "என்ன வேண்டும், கேள்."

"எறிஞ்ச மத்த வேட்டியும் கெடச்சாப் போதும். பிள்ளைக்கு மாத்துத் துணி வேணும்ல!"

பழசும் இருக்கலாம், அந்தச் சொல்லும் இருக்கலாம் என்று அன்றே பறை மாறி ஒலித்தது. வேட்டிகளைத் தேடிக் கொண்டுவந்து துவைத்து உலர்த்தும் பொறுப்பு சொக்கேசருக்கு. கஞ்சி போடக் கூடாது என்பது அரச கட்டளை. அரண்மனைக் கொடியில் அவை காற்றில் ஆடும்போதெல்லாம், அரசன் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் சபைக்குப் போவானாம்.